‘சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க’: வங்கிச் சேவை முடங்கும்போது வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகள்

மாதத்தின் முதல் வாரம், தீபாவளிக்கு முந்தின நாள், பள்ளிக் கட்டணம் கட்டக் கடைசி தேதி. பார்த்துப் பார்த்து இந்த நாட்களில்தான் வங்கி ஆப் சுற்றிக்கொண்டே நிற்கும். கிளைக்குப் போனாலும் ‘சர்வர் டவுன்’ என்று ஒரே பதில். அந்தப் பதிலோடு திரும்பி வந்தவர்களுக்காக இந்தப் பக்கத்தைத் தொகுத்திருக்கிறேன். இதில் உள்ளவை இந்திய வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கும் உரியவை. சர்வர் விழுந்ததால் வரும் நஷ்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று அந்த விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. கிளைகளில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆப் திறக்கவில்லை, திறந்தாலும் மீதித் தொகை காட்டவில்லை. என் பணம் போய்விட்டதா?

இல்லை. உங்கள் கணக்கு வங்கியின் மையக் கணினியில் இருக்கிறது. கோர் பேங்கிங் என்று சொல்வது அதைத்தான். மொபைல் ஆப், நெட் பேங்கிங், ஏடிஎம், யுபிஐ எல்லாம் அந்தக் கணினிக்குப் போகும் தனித்தனி வழிகள். பெரும்பாலும் இந்த வழிகளில் ஏதோ ஒன்றுதான் அடைபடுகிறது. அதனால்தான் ஆப் வேலை செய்யாத நேரத்தில் ஏடிஎம் கார்டு வேலை செய்யும், யுபிஐ நின்றுபோன நேரத்தில் நெட் பேங்கிங்கில் பணம் போகும். ஒன்று அடைபட்டால் இன்னொன்றை முயன்று பாருங்கள். மையக் கணினியே நின்றுவிட்டால் கிளையிலும் எதுவும் நடக்காது. ஆனால் அப்போதும் கணக்குப் பதிவுகள் அழிவதில்லை.

ஆப் திறக்கவில்லையே என்று அதை நீக்கிவிட்டு மறுபடி பதிவிறக்குவதை மட்டும் அந்த நேரத்தில் செய்யாதீர்கள். மறுபடி பதிவு செய்ய ஓடிபி, சிம் சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். அதற்கும் அதே சர்வர்தான் பதில் சொல்ல வேண்டும்.

யுபிஐயில் பணம் அனுப்பினேன். என் கணக்கில் கழிந்துவிட்டது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. என்ன செய்வது?

முதலில் திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘தோல்வி’ என்று வந்தால் பணம் திரும்பும் வழியில் இருக்கிறது. ‘பெண்டிங்’ என்று வந்தால் இரண்டில் எதுவும் நடக்கலாம்: பணம் போய்ச் சேரலாம், திரும்பியும் வரலாம். உங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது, எதிர்ப்பக்க வங்கியிடமிருந்து ‘வரவு வைத்துவிட்டேன்’ என்ற பதில் இன்னும் வரவில்லை என்பதே பெண்டிங்குக்குப் பொருள்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தோல்வியடைந்த பரிவர்த்தனைகளில் பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும், தாமதமானால் என்ன இழப்பீடு என்பதை வகை வகையாகச் சொல்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐயிலோ, வங்கிக் கணக்குக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ் முறையிலோ அனுப்பிய பணம் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்பியிருக்க வேண்டும். கடையில் கொடுத்த யுபிஐ பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி வரவில்லை என்றால் 5 நாள். கார்டு தேய்த்ததற்கும் இணையத்தில் கார்டு மூலம் வாங்கியதற்கும் அதே 5 நாள். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இவை காலண்டர் நாட்கள், வங்கி வேலை நாட்கள் அல்ல. ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் கணக்கில் சேரும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 3-ம் தேதி தங்கைக்கு அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை. 4-ம் தேதிக்குள் உங்கள் கணக்குக்குத் திரும்பியிருக்க வேண்டும். 9-ம் தேதிதான் வந்தது என்றால் தாமதம் 5 நாள், இழப்பீடு 500 ரூபாய்.

கடைக்காரர் ‘எனக்கு வரலை, இன்னொரு தடவை போடுங்க’ என்கிறார். போடலாமா?

பெண்டிங் என்று இருந்தால் உடனே போடாதீர்கள். முதல் பணமும் சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனை ஆகாது. அதை வங்கியிடம் கேட்க முடியாது, கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பணமாகக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கடைக்காரரிடம் காட்டி, உங்கள் பெயரையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தெரிந்த கடை என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. யாரிடம் கேட்பது?

உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம். ஏடிஎம் வேறு வங்கியுடையதாக இருந்தாலும் அதே விதிதான். ‘அந்த ஏடிஎம் எங்களுடையது இல்லை, அந்த பேங்க்கில் போய்க் கேளுங்கள்’ என்று அனுப்பினால் போகாதீர்கள்.

இதற்கும் 5 நாள் கெடு, அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய். ரசீது வந்தால் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணையும் நேரத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 கேட்டு 3,000 மட்டும் வந்தாலும் இதே வழிதான். ‘பணம் வெளியே வந்ததாகத்தான் பதிவு இருக்கிறது’ என்று வங்கி மறுத்தால், அந்த நேரத்தின் இயந்திரப் பதிவையும் கேமரா காட்சியையும் சரிபார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். கேமரா காட்சியை வெகுநாள் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. இயந்திரக் கோளாறாலோ பணம் இல்லாததாலோ தோற்ற முயற்சியை மாத இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று 2019 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதற்குக் கட்டணம் பிடித்திருந்தால் திரும்பக் கேளுங்கள். மாதத்தில் மொத்தம் 10 மணி நேரத்துக்கு மேல் பணம் இல்லாமல் கிடந்த ஏடிஎம் ஒவ்வொன்றுக்கும் வங்கிக்கு 10,000 ரூபாய் அபராதம் என்ற விதியும் 2021 அக்டோபரில் வந்தது. தெருமுனை ஏடிஎம் எப்போதும் காலியாகவே கிடந்தால் புகாரில் அதையும் குறிப்பிடுங்கள்.

நாளுக்கு 100 ரூபாய் நிஜமாகவே தருகிறார்களா? நான் கேட்க வேண்டுமா?

நீங்கள் கேட்கக் காத்திராமல் வங்கியே கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் அசல் பணம் மட்டும் வந்து, இழப்பீடு வராமலே போவது நடக்கிறது. பணம் திரும்பிய சந்தோஷத்தில் நாமும் விட்டுவிடுகிறோம். விடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கழிந்த தேதி, திரும்பிய தேதி, தாமத நாட்கள், தொகை என்று நான்கு வரி எழுதிக் கேளுங்கள்.

‘எங்கள் தப்பில்லை, நெட்வொர்க் பிரச்சினை’ என்ற பதில் வரும். தொடர்பு அறுந்துபோவது, ஏடிஎம்மில் பணம் இல்லாதது, நேரம் கடந்து இணைப்பு துண்டிக்கப்படுவது போன்ற, வாடிக்கையாளர் பொறுப்பாகாத காரணங்களால் முடியாமல் நின்றதே தோல்வியடைந்த பரிவர்த்தனை என்று அந்தச் சுற்றறிக்கையே விளக்குகிறது. ஆகவே நெட்வொர்க் பிரச்சினை என்று சொல்லி வங்கி இழப்பீட்டிலிருந்து தப்ப முடியாது.

என்இஎப்டியில் அனுப்பியது தாமதமானால்?

இதில் கணக்கு வேறு. என்இஎப்டி 2019 டிசம்பர் 16 முதல் எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகிறது, அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் போகிறது. அந்தத் தொகுதி முடிந்து 2 மணி நேரத்துக்குள் எதிர்ப்பக்கக் கணக்கில் வரவாக வேண்டும், அல்லது அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். தாமதத்துக்கு, ரெப்போ விகிதத்துடன் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி விகிதம்) 2 சதவீதம் சேர்த்து வட்டி. சின்னத் தொகைக்கு இது சில ரூபாய்தான். வீடு பதிவுக்காக அனுப்பிய லட்சங்கள் மாட்டினால் கேட்டு வாங்க வேண்டிய தொகை.

ஏன் இப்படி அடிக்கடி விழுகிறது?

ஒரே காரணம் இல்லை. நடந்த நான்கு சம்பவங்களைச் சொல்கிறேன், விஷயம் புரியும்.

2020 நவம்பர் 21 அன்று எச்டிஎப்சி வங்கியின் முதன்மைத் தரவு மையத்தில் மின்சாரம் போய், நெட் பேங்கிங்கும் பணப் பரிமாற்றமும் நின்றன. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே இப்படி நடந்திருந்தது. டிசம்பர் 2 அன்று, புதிய டிஜிட்டல் சேவைகள் தொடங்கவும் புதிய கிரெடிட் கார்டு கொடுக்கவும் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்குத் தடை போட்டது. கார்டுத் தடை 2021 ஆகஸ்டிலும் மீதி 2022 மார்ச்சிலும்தான் நீங்கின.

2024 ஏப்ரல் 24 அன்று கோட்டக் மஹிந்திரா வங்கிக்கும் இதே கதி. ஆன்லைனில் புது வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது, புதுக் கிரெடிட் கார்டு தரக் கூடாது என்றார்கள். 2022, 2023 ஆய்வுகளில் சுட்டிக்காட்டிய தொழில்நுட்பக் குறைகளைச் சரிசெய்யவில்லை என்பதே காரணம். அந்தத் தடை 2025 பிப்ரவரி 12 வரை நீடித்தது. வாடிக்கையாளர் பெருகிய வேகத்துக்குக் கணினி அமைப்பைப் பெருக்கவில்லை என்பது ரிசர்வ் வங்கி சொன்னதன் சாரம். பெரிய வங்கிகளின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான் என்று நானும் நினைக்கிறேன்.

சின்ன வங்கிகளின் சிக்கல் வேறு மாதிரி. பல சிறு வங்கிகளுக்கு ஒரே தொழில்நுட்ப நிறுவனம் பின்னால் இருக்கிறது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற அப்படிப்பட்ட நிறுவனத்தின் கணினிகளில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) புகுந்தது. பாதிப்பு பரவாமலிருக்க, யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அதன் இணைப்பைத் துண்டித்தது. சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் யுபிஐயும் ஏடிஎம் சேவையும் அதோடு நின்றன. அந்த வங்கிகளின் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அந்த நிறுவனத்தின் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள்?

நான்காவது, யுபிஐயே விழுந்தது. 2025 மார்ச் 26 மாலையும் ஏப்ரல் 12 காலையும் நாடு முழுக்கப் பணம் போகவில்லை. ‘இந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?’ என்று சில வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்பக் கேட்டு அனுப்பிய விசாரணைகளே ஏப்ரல் 12 அன்று அமைப்பைத் திணறடித்தன. அதற்குப் பிறகு, முதல் விசாரணைக்கு 90 விநாடி காத்திருக்க வேண்டும், 2 மணி நேரத்தில் 3 முறைதான் கேட்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. 2025 ஆகஸ்ட் முதல் ஓர் ஆப்பில் ஒரு நாளைக்கு 50 முறைதான் மீதித் தொகை பார்க்க முடியும் என்பதும் அந்த வரிசையில் வந்ததுதான். அதே ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் மாதத்துக்கு 2,000 கோடியைத் தாண்டின. டீக்கடை 12 ரூபாயும் அதில் ஒன்று, வீட்டு வாடகை 12,000 ரூபாயும் அதில் ஒன்று.

முன்கூட்டியே அறிவித்துவிட்டு நிறுத்துகிறார்களே, அதற்கும் இழப்பீடு உண்டா?

சேவை இல்லை என்பதற்காக மட்டும் இழப்பீடு இல்லை. அந்த நேரத்தில் பணம் கழிந்து சிக்கிக்கொண்டால் மேலே சொன்ன விதி பொருந்தும். அறிவிப்பு வந்தால் படித்து வையுங்கள். 2024 ஜூலை 13 அன்று எச்டிஎப்சி வங்கி மையக் கணினியை மாற்றியபோது அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 வரை, பதின்மூன்றரை மணி நேரம், பல சேவைகள் இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தது. ஏப்ரல் 1 அன்று ஆண்டுக் கணக்கு முடிப்பதால் பல வங்கிகளில் ஆன்லைன் சேவை சில மணி நேரம் தடுமாறும். கட்டவேண்டியது எதையும் அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளாமலிருப்பது நல்லது.

வங்கியின் கோளாறால் இஎம்ஐ கட்ட முடியவில்லை. அபராதம் போட்டு, சிபிலிலும் ஏற்றிவிட்டார்கள். என்ன வழி?

இரண்டு தனிப் புகார்கள் எழுத வேண்டும். முதலாவது, உங்கள் கணக்கு உள்ள வங்கிக்கு. அன்று போதிய பணம் இருந்ததற்கான கணக்கு அறிக்கையும் பிழைச் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட்டும் வைத்து, பிடித்த கட்டணத்தைத் திருப்பக் கேளுங்கள். இரண்டாவது, கடன் கொடுத்தவருக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்துக்கும். தவறான பதிவைப் பற்றிய புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. பதிவை அப்படியே விட்டால் நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது உங்கள் வட்டி விகிதத்தில் வந்து நிற்கும்.

கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடி அழைத்தேன். ஓர் ஆப் இறக்கச் சொல்கிறார்கள்…

போனை உடனே வையுங்கள். வங்கி விழும் நாட்கள்தான் மோசடிக்காரர்களுக்குப் பொன்னான நாட்கள். சமூக வலைதளத்தில் ‘பணம் போச்சு, உதவுங்கள்’ என்று எழுதிய சில நிமிடங்களில் வங்கிச் சின்னம் போட்ட போலிக் கணக்கு ஒன்று ‘டிஎம் பண்ணுங்க’ என்று வந்து நிற்கும். தேடலில் முதலில் வரும் எண்ணும் போலியாக இருக்கலாம்.

உங்கள் கார்டின் பின்புறத்தில், பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். வங்கி இணையதளங்கள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் திரும்ப வருவதற்கு நீங்கள் பின் எண் போடவே தேவையில்லை. யாராவது போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள்.

நான் செய்யாத பரிவர்த்தனையில் பணம் போயிருக்கிறது. முழுதும் கிடைக்குமா?

எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையது என்றால் நீங்கள் எப்போது சொன்னாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. வங்கியும் நீங்களும் காரணமல்லாமல் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியின் செய்தி கிடைத்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பொறுப்பும் வங்கிக்கு. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஓடிபியையோ பின்னையோ நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்கள் நஷ்டம், புகார் செய்த பின் போனது வங்கியின் நஷ்டம். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்பது இதனால்தான்.

முதல் அழைப்பு வங்கிக்கு, கணக்கைத் தடுக்க. இரண்டாவது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்த அவர்களால் முடியும். நீங்கள் புகார் செய்த 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் விவகாரத்தை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே.

கிளையில் புகாரை வாங்க மறுக்கிறார்கள். ‘வந்துடும், வெயிட் பண்ணுங்க’ என்கிறார்கள்.

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மேனேஜர் நல்லவர், தெரிந்தவர், ஊர்க்காரர் என்றாலும் புகார் எண் இல்லாத புகார் வங்கியின் பார்வையில் நடக்கவே இல்லை. வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி அதிகாரியிடம், போகலாம்; அந்த 30 நாள் கணக்கு எழுத்துப் புகாரின் தேதியிலிருந்துதான் தொடங்கும். ‘நானும் பத்துத் தடவை நடந்தேன்’ என்று சொல்லும் பலரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. அவர்கள் நியாயம் முழுக்க அவர்கள் பக்கம் இருந்தும் தோற்கிறார்கள்.

மின்னஞ்சலிலோ, வங்கித் தளத்தின் புகார்ப் பக்கத்திலோ, நகலில் முத்திரை வாங்கிக் கிளையிலோ கொடுக்கலாம். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழில் எழுதினால் போதும். இப்படி இருக்கலாம்:

‘ஐயா, என் சேமிப்புக் கணக்கிலிருந்து இந்தத் தேதி, இந்த நேரத்தில், யுபிஐ மூலம் இவ்வளவு ரூபாய் கழிக்கப்பட்டது. பரிவர்த்தனை எண் இது. பணம் பெறுநருக்குச் சேரவில்லை, எனக்கும் திரும்பவில்லை. ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கையின்படி இந்தத் தொகையையும், கெடு முடிந்த நாளிலிருந்து நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டையும் என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்.’

கோபத்தை இதில் சேர்க்க வேண்டாம். கோபப்பட எல்லா நியாயமும் இருக்கிறது, ஆனால் படிக்கிறவருக்குத் தேதியும் எண்ணும் பளிச்சென்று தெரிய வேண்டும்.

ஆம்புட்ஸ்மேனிடம் எப்போது, எப்படிப் போவது?

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் உங்களுக்குத் திருப்தி இல்லாவிட்டால் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் பெரும்பாலான வங்கிகளுக்கும் சேர்த்து ஒரே ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் இருக்கிறது. எந்த ஊர் அலுவலகம் என்று தேட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள அதன் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீல் மூலம் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், நீங்களே கொடுக்க வேண்டும், அல்லது வக்கீல் அல்லாத ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து அவர் வழியாகக் கொடுக்கலாம். 2021 திட்டப்படி வங்கியின் பதில் வந்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

2021 திட்டத்தில், கோளாறின் விளைவாக உங்களுக்கு வந்த நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 1 லட்சம் வரையும் தரச் சொல்ல ஆம்புட்ஸ்மேனுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அதனால் வெறும் பணம் திரும்பினால் போதும் என்று எழுதாதீர்கள். சர்வர் விழுந்ததால் கல்லூரிக் கட்டணத்துக்கு அபராதம் கட்டினீர்களா? ரசீதை இணையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள வணிக வங்கிகளில் உள் ஆம்புட்ஸ்மேன் என்று ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் புகாரை நிராகரிக்க நினைத்தால் வங்கி முதலில் அவரிடம் அனுப்பியாக வேண்டும். அவரை நீங்கள் நேரில் அணுக முடியாது. நிராகரிப்புக் கடிதம் வந்தால், அது அவர் பார்வைக்குப் போனதா என்று கேட்டு எழுதுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

போகலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. ஆனால் ஒரே விஷயம் நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ நடந்துகொண்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார் என்பதால், செலவில்லாத அந்த வழியை முதலில் பாருங்கள். அரசுடைமை வங்கி என்றால் தகவல் உரிமைச் சட்டம் என்ற இன்னொரு கருவியும் கையில் இருக்கிறது. உங்கள் புகார் எந்த மேசையில் நிற்கிறது என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். தனியார் வங்கிகளுக்கு இது பொருந்தாது.

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு. இந்த விதிகள் அதற்கும் உண்டா?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் சட்டப்படி வங்கி அல்ல. அதன் குறைகளைக் கூட்டுறவுச் சங்கங்களின் இணைப் பதிவாளரிடம் கொண்டுபோக வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி வேறு. அது ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் வருகிறது.

கணக்கை மொத்தமாக முடக்கிவிட்டார்கள். கேட்டால் ‘போலீஸ் சொன்னாங்க’ என்கிறார்கள்.

சிறு கடைக்காரர்களுக்கு இது பெரிய வேதனை. யாரோ ஒரு மோசடிக்காரர் உங்கள் கடையில் யுபிஐயில் பொருள் வாங்கியிருப்பார். அந்தப் பணத்தைத் தேடி வரும் வேறு மாநிலப் போலீஸ் உங்கள் கணக்கை நிறுத்தச் சொல்லும். எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தக் காவல் நிலையத்துக்கு விற்பனை ரசீதுடன் விளக்கம் அனுப்பி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கேளுங்கள். 2024-ல் இப்படி ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சர்ச்சைக்குரிய அளவுத் தொகையைக் கணக்கில் வைத்துவிட்டு மீதியை இயக்க அனுமதித்தது. அதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடலாம்.

கேஒய்சி, அதாவது வங்கியிடம் கொடுத்த அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்காததால் நின்றது என்றால் இவ்வளவு சிரமம் இல்லை. முகவரி மாறாதவர்கள் ‘மாற்றமில்லை’ என்று ஓர் உறுதிமொழி கொடுத்தால் போதும். கெடுவுக்கு முன் வங்கி குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். கடிதமே வரவில்லை என்றால் அதையும் புகாராக எழுதலாம்.

அம்மாவுக்கு வயது 74. ஆப் தெரியாது, கவுன்டரில் இந்தியில் பேசுகிறார்கள். அவருக்கு என்ன வழி?

வாடிக்கையாளர் பயன்படுத்தும் படிவங்கள் இந்தி, ஆங்கிலத்துடன் மாநில மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். பணம் எடுக்கும் சீட்டைத் தமிழில் கேட்பதும் தமிழில் நிரப்புவதும் அவர் உரிமை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும், வாங்கும் சேவையைத் தர வங்கிகள் முயல வேண்டும் என்று 2017 நவம்பரில் உத்தரவு வந்தது. கிளையில் கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். ‘ஆப் போட்டுக்கோங்க பாட்டி’ என்று அனுப்பிவிடுவது சேவை ஆகாது. அந்த ஆப் விழும் நாளில் அவர் எங்கே போவார்?

அடுத்த முறை விழும்போது மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம்?

வேறொரு வங்கியில் இரண்டாவது கணக்கு ஒன்று வைத்திருங்கள், இரண்டு மூன்று வாரச் செலவுக்கான பணத்துடன். குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் போடாத வங்கியாகப் பாருங்கள். ஸ்டேட் வங்கி 2020-லேயே அந்த அபராதத்தை எடுத்துவிட்டது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் 2025 ஜூலையில் சேமிப்புக் கணக்குகளுக்கு எடுத்தது. யுபிஐ ஆப்பில் இரண்டு கணக்குகளையும் இணைத்துவிட்டால் ஒன்று நின்றாலும் மற்றதில் கொடுக்கலாம்.

சின்னச் செலவுக்கு யுபிஐ லைட் போட்டு வையுங்கள். 5,000 ரூபாய் வரை அதில் வைக்கலாம், ஒரு முறைக்கு 1,000 வரை கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் வங்கியின் மையக் கணினியைத் தட்டாமல் போவதால், வங்கி திணறும் நேரத்திலும் பெரும்பாலும் வேலை செய்யும். அப்புறம், மருத்துவமனைக்கு ஓட வேண்டி வந்தால் கைகொடுக்கும் அளவு ரொக்கம் வீட்டில் இருக்கட்டும். யுபிஐயே நாடு முழுக்க நின்ற அந்த ஏப்ரல் 12 போன்ற நாளில் இரண்டாவது கணக்கும் உதவாது.